அம்மாயியின் நீலப் போத்தல்: 'ஈவ்னிங் இன் பாரிஸ்' இன்னும் கிடைக்குமா?

தலவாக்கலைப் பேத்தி:
எங்கள் அம்மாயி தலவாக்கலைப் பக்கம் ஒரு தோட்டத்துப் பங்களாவில் ஆயாவாக இருந்தவர். துரைசாணி சீமைக்குத் திரும்பியபோது, பாவித்து மீதியிருந்த சென்ட் போத்தலை அவரிடம் கொடுத்துவிட்டுப் போனாராம். கடும் நீலக் கண்ணாடி, வெள்ளி நிற லேபல், அதில் 'ஈவ்னிங் இன் பாரிஸ், பூர்ஷுவா' என்று எழுத்து. கல்யாண வீட்டுக்கும் தேருக்கும் மட்டும்தான் அம்மாயி அதைத் தொடுவார். மற்ற நாளெல்லாம் ட்ரங்குப் பெட்டியில், பட்டுச்சேலை மடிப்புக்குள் கிடக்கும்.

போன மாசம் அம்மாயி தவறிவிட்டார். பெட்டி என்னிடம் வந்தது. போத்தலின் அடியில் பழுப்பாகக் கொஞ்சம் இருக்கிறது. மூடியைத் திறந்ததும் பழைய வார்னிஷ் மாதிரி ஒரு நெடி. அது அடங்கினால் அம்மாயி வாசம். ஆனால் உடனே மறுபடி முகர்ந்தால் ஒன்றுமே இல்லை. வெளியே போய்விட்டு வந்தால் திரும்ப மணக்கிறது. கெட்டுப்போய்விட்டதா? இதே சென்ட் வாங்க வழி உண்டா? கழுவி வைக்கச் சொல்கிறார் அம்மா. எனக்கு மனசு வரவில்லை.

பண்டாரவளை அண்ணன்:
கழுவவே வேண்டாம் தங்கச்சி. சோப்புக்கு வாசனை கலக்கும் இடத்தில் நெடுங்காலம் வேலை செய்தவன் சொல்கிறேன். பூர்ஷுவா என்கிற பிரெஞ்சு சென்ட் கம்பெனி இதை 1928இல் வெளியிட்டது. கலந்தவர் எர்னஸ்ட் போ. 1921இல் ஷனேல் நம்பர் 5 என்கிற பேர்போன சென்ட்டைச் செய்தவரும் அவர்தான். உங்கள் அம்மாயியின் சென்ட்டை 1969இல் நிறுத்திவிட்டார்கள்.

வாசம் வந்து வந்து மறைவது குறையே இல்லை. இதில் வயலட் பூ வாசம் தூக்கல். அதைத் தருவது அயனோன் என்கிற பொருள். முகர்ந்த மாத்திரத்தில் மூக்கு அதற்குப் பழகி, கொஞ்ச நேரம் அதை மட்டும் பிடிக்காமல் விட்டுவிடும். அந்த நேரம் பக்கத்தில் இருப்பவரிடம் நீட்டுங்கள், அவருக்கு மணக்கும். அந்த வார்னிஷ் நெடி, பெர்கமொட் மாதிரி எலுமிச்சை இன எண்ணெய்கள் கெட்டதால் வருவது. முதலில் பறப்பதும் முதலில் கெடுவதும் அவைதான். வனிலா, சந்தனம், வெட்டிவேர் எல்லாம் அடியில் தங்கிவிடும். துரைசாணி பூசியபோது இன்னும் எடுப்பாக இருந்திருக்கும். நீங்கள் அறிந்த அம்மாயி வாசம் பெரும்பாலும் இந்த அடிவாசம்.

நுவரெலியா அக்கா:
1992இல் அதே பெயரில் திரும்ப விட்டார்கள். லண்டனில் இருக்கும் என் நாத்தனார் ஒன்று அனுப்பினார். நல்ல சென்ட்தான், ஆனால் பழ இனிப்பு கூட; மாமியார் வைத்திருந்த பழசோடு சேராது. அம்மாயியைத் தேடி அதை வாங்காதே அம்மா, ஏமாந்துபோவாய். இருப்பதைக் காப்பாற்று. நம் ஊர்க் குளிர் அதற்கு நல்லது. வெயில் படும் ஜன்னலிலும் அடுப்புக்கு மேல் தட்டிலும் மட்டும் வைக்காதே.

தலவாக்கலைப் பேத்தி:
நன்றி அண்ணே, அக்கா. எனக்கு வாசம் நின்ற நேரம் பார்த்து அம்மாவிடம் நீட்டினேன். அவருக்கு நன்றாக மணந்தது! கழுவும் பேச்சையே விட்டுவிட்டார். அப்புறம், மூடியின் மரை தேய்ந்து ஆடுகிறது. மெழுகு உருக்கி அடைக்கலாமா?

பண்டாரவளை அண்ணன்:
மெழுகு வேண்டாம், சூடு பட்டுவிடும். குழாய் வேலைக்காரர்கள் மரையில் சுற்றும் வெள்ளை டேப் ஹார்ட்வேர் கடையில் கிடைக்கும். போத்தல் கழுத்தை நன்றாகத் துடைத்துவிட்டு, இரண்டு சுற்றுச் சுற்றி மூடுங்கள். போத்தலைப் படுக்க வைக்காதீர்கள்.