உச்சி வெயிலில் ஜோடி போர்ட்ரெய்ட்: கண்குழி நிழல், பச்சைச் சாயல், ஃபிளாஷ் பற்றாக்குறை

கேள்வி:
திருமண ஜோடி போர்ட்ரெய்ட்டுக்குப் பெரும்பாலும் பகல் 12 முதல் 1 மணி வரைதான் நேரம் ஒதுக்குகிறார்கள். வெயிலில் நிறுத்தினால் கண்ணுக்குக் கீழே கறுப்பு விழுகிறது. மரநிழலுக்குப் போனால் முகம் பச்சையடிக்கிறது. எஃப் 2.8-ல் (லென்ஸை அகலத் திறந்து) ஹை ஸ்பீட் சிங்க் (வேகமான ஷட்டரிலும் ஃபிளாஷ் எரியும் முறை) போட்டால் ஃபிளாஷ் வெளிச்சம் போதவில்லை. ஜோடிகள் கேட்பதோ வெளிர்ந்த, மென்மையான ஸ்டைல். எப்படிச் சமாளிப்பது?

பதில் 1:
மரநிழலை விடுங்கள். இலை இடுக்கில் விழும் வெயில் முகத்தில் பொட்டுப் பொட்டாகத் தெரியும், அதை எடிட்டில் சரிசெய்ய முடியாது. கட்டட நிழலின் ஓரத்தில், நிழல் கோட்டிலிருந்து இரண்டடி உள்ளே, திறந்த வானத்தைப் பார்த்து நிறுத்துங்கள். கருவிழியில் வெள்ளைப் புள்ளி தெரிகிறதா என்று பாருங்கள். தெரியாவிட்டால் இடம் மாற்றுங்கள். எதிரே வெயில்பட்ட சிமென்ட் தரையோ மணலோ இருந்தால் அதுவே கீழிருந்து கண்குழியை நிரப்பிவிடும். புல்தரை என்றால் தாடைக்கு அடியில் மட்டும் பச்சை ஏறும். ஒயிட் பேலன்ஸை (படத்தின் மொத்த நிறச் சமநிலையை) மாற்றினால் தாடை சரியாகும், நெற்றி ஊதாவாகிவிடும்.

பதில் 2:
ஃபிளாஷ் விஷயம். நல்ல வெயிலில் ஐஎஸ்ஓ (கேமராவின் ஒளி உணர்திறன்) 100, எஃப் 2.8 வைத்தால் ஷட்டர் 1/3200 பக்கம் போகும். ஹை ஸ்பீட் சிங்க்கில் ஃபிளாஷ் துடித்துத் துடித்து எரிவதால் ஏறக்குறைய 2 ஸ்டாப் வெளிச்சம் போய்விடும் (ஒரு ஸ்டாப் குறைந்தால் வெளிச்சம் பாதியாகும்). அதற்குப் பதில் லென்ஸ் முன் 4 ஸ்டாப் என்டி ஃபில்டர் (வெளிச்சத்தைக் குறைக்கும் கறுப்புக் கண்ணாடி) போடுங்கள். ஷட்டர் 1/200-க்கு இறங்கும், சாதாரண சிங்க்கே போதும், அந்த 2 ஸ்டாப் இழப்பும் இருக்காது.

சாஃப்ட்பாக்ஸை (ஃபிளாஷ் வெளிச்சத்தை மென்மையாக்கும் துணிப்பெட்டி) 2 மீட்டரிலிருந்து 1 மீட்டருக்குக் கொண்டுவந்தால் வெளிச்சம் 4 மடங்கு. ஆனால் பக்கவாட்டில் வைத்தால் அருகில் நிற்பவர் வெளுத்து, அடுத்தவர் இருண்டுபோவார். அதனால் அதன் நடுப்பகுதியைத் தூரத்தில் நிற்பவர் பக்கம் திருப்புங்கள், விளிம்பு வெளிச்சம் மட்டும் அருகிலிருப்பவர் மேல் பட்டால் போதும். ஸ்டாண்டில் மணல்மூட்டை கட்டாயம்.

கேள்வி கேட்டவர்:
என்டி போட்டால் ஃபோகஸ் தடுமாறாதா?

பதில் 2:
வெயிலில் 4 ஸ்டாப்புக்குத் தடுமாறாது. வேரியபிள் என்டியை (திருகி அடர்த்தியை மாற்றும் வகை) மட்டும் வைட் லென்ஸில் முழுக்கத் திருக வேண்டாம், வானத்தில் பெருக்கல் குறி மாதிரிக் கறை விழும்.

பதில் 3:
ஸ்டைல் பற்றி ஒன்று. வெளிர்ந்த தோற்றம் பிரீசெட்டில் (எடிட்டில் ஒரே சொடுக்கில் போடும் அமைப்பு) வருவதில்லை, முகத்துக்கும் பின்னணிக்கும் ஒளி வித்தியாசம் குறைவாக இருந்தால்தான் வரும். கேமராவிலேயே ஓவர் எக்ஸ்போஸ் செய்தால் வெள்ளை உடையின் மடிப்பு, தையல் எல்லாம் அழிந்துவிடும். உடை வெளுக்காத அளவுக்கு ரா-வில் (கேமரா பதப்படுத்தாத கோப்பு) எடுத்து, பிறகு நிழல்களைத் தூக்குங்கள்.

இப்போது பலர் விரும்பிக் கேட்கும் நேரடி ஃபிளாஷ், அசைவு மங்கல் வகையை (மெதுவான ஷட்டரில் ஃபிளாஷை நேராக அடித்து அசைவை மங்கவிடுவது) இந்த நேரத்தில் முயலவே வேண்டாம். 1/15 ஷட்டரில் வெயில் எல்லாவற்றையும் வெளுத்துவிடும். அதற்கு அந்திக்குப் பிறகு 10 நிமிடம் கேட்டு வாங்குங்கள். நிகழ்ச்சி நிரல் போடும்போதே இதைச் சொல்லிவிட வேண்டும், அன்றைக்குக் கேட்டால் கிடைக்காது.