மியூவான் டிடெக்டர்: தட்டுகளைத் தள்ளி வைத்தாலும் கோயின்சிடென்ஸ் எண்ணிக்கை குறையவில்லை, ஏன்?

கேட்டவர்: வான்கதிர்

கல்லூரி ஆய்வகத்துக்காக ஒரு சின்ன மியூவான் (காஸ்மிக் கதிர்களால் வளிமண்டலத்தில் உண்டாகி வரும் துகள்) டிடெக்டர். 5 செ.மீ. × 5 செ.மீ. × 1 செ.மீ. அளவில் இரண்டு பிளாஸ்டிக் சிந்திலேட்டர் (துகள் கடந்தால் ஒளிரும்) தட்டுகள், ஒவ்வொன்றிலும் அந்த ஒளியைத் துடிப்பாக்கும் சென்சாராக 6 மி.மீ. சதுர சிலிக்கான் போட்டோமல்டிப்ளையர், அதற்குக் கொடுக்கும் மின்னழுத்தம் (பயாஸ்) 29.5 வோல்ட். பெருக்கிக்குப் பின்னால், குறித்த உயரத்தை (த்ரெஷோல்ட்) தாண்டும் துடிப்பை மட்டும் விடும் எல்எம்311 கம்பரேட்டர். அதன் துடிப்பை 1 மைக்ரோ நொடிக்கு நீட்டி, இரண்டும் ஒரே நேரத்தில் வந்தால் மட்டும் (கோயின்சிடென்ஸ்) வெளியீடு தரும் 74எச்சி08 ஆண்ட் கேட்டில் சேர்க்கிறோம்.

தட்டுகள் ஒன்றின்மேல் ஒன்றாக, 5 செ.மீ. இடைவெளியில் உள்ளன. தனித்தனி எண்ணிக்கை நொடிக்கு மேல்தட்டில் 900, கீழ்த்தட்டில் 1100. கோயின்சிடென்ஸ் நிமிடத்துக்குச் சுமார் 120. ஒரு சதுர செ.மீ.க்கு நிமிடத்துக்கு ஒரு மியூவான் என்று படித்ததால் எதிர்பார்த்தது 25. ஒரு தட்டை மேசையில் பக்கவாட்டில் 1 மீட்டர் தள்ளி வைத்தாலும் அதே 120தான் வருகிறது. ஆண்ட் கேட்டை மாற்றியும் பலனில்லை. கோளாறு எங்கே?

பதில்: துடிப்புமானி

கேட்டில் கோளாறு இல்லை. நீங்கள் கொடுத்த எண்களிலேயே விடை இருக்கிறது. தொடர்பில்லாத இரண்டு துடிப்புகள் தற்செயலாகச் சேரும் வீதம் = 2 × முதல் வீதம் × இரண்டாம் வீதம் × துடிப்பின் அகலம். 2 × 900 × 1100 × 0.000001 போட்டுப் பாருங்கள்: நொடிக்கு 1.98, நிமிடத்துக்கு 119. நீங்கள் எண்ணுவது அநேகமாக முழுக்கத் தற்செயல் சேர்க்கை. அதனால்தான் தூரம் மாறினாலும் எண் மாறவில்லை.

எதிர்பார்த்த 25ம் தவறு. அது ஒரே ஒரு தட்டை எல்லாத் திசையிலிருந்தும் கடப்பவற்றின் கணக்கு. இரண்டையும் கடக்க வேண்டுமென்றால், 5 செ.மீ. இடைவெளியில் செங்குத்துக்குச் சற்று அருகில் வருபவை மட்டுமே தேறும். உங்கள் அமைப்புக்கு நிமிடத்துக்கு ஐந்தாறு வந்தாலே சரியாக வேலை செய்கிறது என்று பொருள்.

சரிசெய்ய வேண்டியது த்ரெஷோல்ட். 36 சதுர மி.மீ. பரப்புள்ள சென்சார் அறை வெப்பத்தில், ஒளியே இல்லாமல், ஒற்றை போட்டான் அளவில் நொடிக்குப் பத்து லட்சம் முறைகூடத் துடிக்கும். அவற்றில் சில ஒன்றோடொன்று சேர்ந்து மூன்று நான்கு போட்டான் உயரத்துக்கு எழும்பும். உங்கள் 900, 1100 அங்கிருந்துதான் வருகிறது என்பது என் கணிப்பு. ஆஸிலோஸ்கோப்பில் பெருக்கியின் வெளியீட்டைப் பார்த்தால் ஒன்று, இரண்டு, மூன்று என்று படிப்படியாகத் தெரியும். ஒரு படியின் உயரத்தை அளந்து, அதன் பத்து மடங்குக்கு மேலே த்ரெஷோல்டை வையுங்கள். மியூவான் 1 செ.மீ. பிளாஸ்டிக்கில் சுமார் 2 எம்இவி (மில்லியன் எலக்ட்ரான் வோல்ட்) ஆற்றலை விட்டுச் செல்லும். எம்இவிக்குப் பத்தாயிரம் போட்டான் உண்டாவதால், சென்சாரைத் தட்டில் ஒட்டியதும் சுற்றிய உறையும் ஒழுங்காக இருந்தால் சில பத்துப் போட்டான்களாவது பதிவாகும். எனவே த்ரெஷோல்டை ஏற்றினால் மியூவான் போய்விடுமோ என்ற பயம் வேண்டாம்.

தனி எண்ணிக்கை நொடிக்கு 10க்கு இறங்கினால் தற்செயல் சேர்க்கை மணிக்கு ஒன்றுகூட வராது. அதன் பிறகு 1 மைக்ரோ நொடி அகலம் ஒரு பொருட்டே இல்லை. எல்எம்311ஐத் தூக்கிவிட்டு அதைவிட வேகமான கம்பரேட்டரான டிஎல்வி3501 போடச் சிலர் சொல்வார்கள். பிரெட்போர்டில் அது தானாக ஆசிலேட் ஆகி வேறொரு தலைவலியைத் தரும். இப்போது தேவையில்லை.

பதில்: கருப்புப்பெட்டி

மேலே சொன்னது சரி. ஆனால் த்ரெஷோல்டை ஏற்றும் முன் ஒளிக் கசிவைப் பார்த்துவிடுங்கள். அறை விளக்கை அணைத்து, கைபேசி டார்ச்சை உறையின் ஓரமெல்லாம் காட்டுங்கள். எண்ணிக்கை எங்கே எகிறுகிறதோ அங்கேதான் ஓட்டை. பெரும்பாலும் தட்டின் ஓரத்தில் இருக்காது, கேபிள் வெளியே வரும் இடத்தில் இருக்கும். முதலில் டெஃப்ளான் டேப் சில சுற்று, மேலே அலுமினியத் தாள், அதற்கும் மேலே கருப்பு இன்சுலேஷன் டேப் இரண்டு அடுக்கு. தாள் சென்சாரின் கால்களைத் தொட்டால் ஷார்ட் ஆகும், அந்த இடத்தில் சன்னல் மாதிரி வெட்டிவிடுங்கள். சென்சாருக்கும் தட்டுக்கும் நடுவே சிலிக்கோன் கிரீஸ் குமிழி இல்லாமல் இருக்க வேண்டும். தட்டை அசிட்டோனால் துடைக்கவே கூடாது, பரப்பில் நுண்விரிசல் விட்டு ஒளி வீணாகும்.

இன்னொன்று சப்ளை. இரண்டு சென்சாருக்கும் ஒரே பூஸ்ட் கன்வெர்ட்டர் (மின்னழுத்தத்தை உயர்த்தும் சுற்று) என்றால், அதன் சுவிட்சிங் இரைச்சல் இரண்டு சேனலிலும் ஒரே கணத்தில் வரும். கேட்டுக்கு அது அசல் மியூவான் போலவே தெரியும். இப்போது கணக்கும் அளவும் ஒத்துப்போவதால் அதன் பங்கு சிறிதாக இருக்கலாம், ஆனால் தற்செயல் சேர்க்கை ஒழிந்த பின்தான் அது தலைகாட்டும். சோதிப்பது எளிது: பயாஸை 22 வோல்ட்டுக்கு இறக்குங்கள். 24.5 வோல்ட் அளவில் பிரேக்டவுன் ஆகும் (அதாவது அதற்கு மேல்தான் துடிப்பைப் பெருக்கும்) சென்சாரில் அப்போது பெருக்கமே இராது. அதற்குப் பிறகும் எண்ணினால் அது மின்னிரைச்சல். ஒவ்வொரு சென்சாருக்கும் தனியாக 1 கிலோ ஓம், 100 நானோ ஃபாரட் வடிகட்டி போடுங்கள்.

வான்கதிர்

22 வோல்ட்டில் பூஜ்யம். த்ரெஷோல்டை ஏற்றியதும் தனி எண்ணிக்கை நொடிக்கு 8, 9. கோயின்சிடென்ஸ் நிமிடத்துக்கு 5 முதல் 6, தட்டைத் தள்ளினால் ஏறத்தாழ இல்லை. இரண்டு கேள்விகள்: தனித்தட்டில் இன்னும் 8 ஏன்? ஊட்டியில் உள்ள கிரேப்ஸ்-3 காஸ்மிக் கதிர் ஆய்வகம் போல இடிமழையின்போது மியூவான் குறைவதை இதில் பார்க்கலாமா?

பதில்: துடிப்புமானி

அந்த 8 பெரும்பாலும் சுவரிலும் தரையிலும் இருந்து வரும் காமா. தோரியம் வரிசையின் 2.6 எம்இவி காமா, காம்ப்டன் சிதறலில் (எலக்ட்ரானில் மோதித் தெறிப்பதில்) 2.4 எம்இவி வரை கொடுக்கும், அதாவது மியூவானின் உயரத்திலேயே போய் உட்காரும். ஒற்றைத் தட்டில் எவ்வளவு மெனக்கெட்டாலும் இரண்டையும் பிரிக்க முடியாது, அதற்காகத்தான் இரண்டாவது தட்டு.

இடிமழைக்கு வாய்ப்பில்லை. 2014 டிசம்பர் 1 அன்று ஊட்டியில் பதிவான குறைவு சுமார் 2 சதவீதம், 18 நிமிடம் நீடித்தது. அதிலிருந்துதான் மேகத்தில் 1.3 கிகா வோல்ட் என்று கணக்கிட்டார்கள். உங்கள் கருவி 18 நிமிடத்தில் எண்ணுவது 90, 100. அதன் வர்க்கமூலம் 10, அதாவது 10 சதவீதத் தடுமாற்றம். அங்கே 560 சதுர மீட்டரில் 3712 எண்ணிகள்.

இதில் செய்யக்கூடியது கோண அளவீடு. இரண்டு தட்டையும் ஒரே சட்டத்தில் பொருத்திச் சாய்த்தால் 60 டிகிரியில் வீதம் கால்வாசியாகும், கோசைன் வர்க்கப்படி. அங்கே நிமிடத்துக்கு ஒன்றரைதான் வரும் என்பதால் ஒரு கோணத்துக்கு 5 மணி நேரமாவது விடுங்கள். காலையில் ஒரு கோணம், பிற்பகலில் இன்னொன்று என்று எடுக்காதீர்கள்: சென்சாரின் பிரேக்டவுன் மின்னழுத்தம் வெப்பநிலை ஒரு டிகிரி கூடினால் 21 மில்லி வோல்ட் ஏறும், 8 டிகிரி கூடினால் பெருக்கம் மூன்று நான்கு சதவீதம் சரியும். கோணங்களை மாற்றி மாற்றி எடுங்கள், பக்கத்தில் ஒரு வெப்பமானியும் இருக்கட்டும்.