காணொளியில் ஃபிரேம் எண்ணையும் தவில் சொற்களையும் ஸ்கிரிப்ட் மூலம் பதிப்பது எப்படி?

தவில் மாணவன், திருவிடைமருதூர்

வணக்கம். என் ஆசான் நடத்தும் தவில் பாடங்களை அவருடைய அனுமதியுடன் கைபேசியில், நொடிக்கு 60 ஃபிரேம் என்ற அமைப்பில் பதிவு செய்து, உடன் கற்கும் நால்வருக்கு அனுப்பி வருகிறேன். வலந்தலையில் (தவிலின் வலப் பக்கம்) கூடு என்னும் உறை அணிந்த விரல்கள் விழுவதையும் தொப்பியில் (இடப் பக்கம்) கழி விழுவதையும் ஓர் அடி விடாமல் நிறுத்திப் பார்க்க வேண்டியிருப்பதால், மேல் மூலையில் ஃபிரேம் எண்ணும் கீழே அந்த அடியை வாயால் சொல்லிக் காட்டும் சொல்லும் தெரிய வேண்டும். கட்டளைகளால் இயங்கும் காணொளி மென்பொருளான எஃப்எஃப்எம்பெக்கில், படத்தின் மேல் எழுத்தைப் பதிக்கும் டிராடெக்ஸ்ட் ஃபில்டரைக் கொண்டு, விண்டோஸில் ஒரு பேட்ச் கோப்பு (கட்டளைகளைச் சேமித்து ஓட்டும் கோப்பு) எழுதினேன். ஆனால் எண்ணே வரவில்லை. எண்ணுக்குரிய குறியீட்டின் ஒரு பகுதி மட்டும் எழுத்தாக வருகிறது. அதே கட்டளையை நேரடியாகத் தட்டச்சு செய்தால் எண் வருகிறது. எனினும் பாடத்தைத் துண்டுகளாக வெட்டும்போது ஒவ்வொரு துண்டும் 0 என்றே தொடங்குகிறது. இவை போதாதென்று, "தொம்" என்ற சொல்லில் ஒற்றைக் கொம்பு தகரத்திற்குப் பின்னால் போய் நிற்கிறது. வழி கூறினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

திருமண வீடியோ எடிட்டர், தஞ்சாவூர்

தம்பி, எண்ணுக்குரிய குறியீடு விழுக்காட்டுக் குறியுடன் (%) தொடங்குகிறது; பேட்ச் கோப்பில் அந்தக் குறிக்குத் தனிப் பொருள் உண்டு. அதை இரட்டித்து எழுதினால்தான் ஃபில்டரை ஒரு குறியாகச் சென்றடையும். அதைவிட நல்லது, எண்ணுக்குரிய குறியீட்டைத் தனி உரைக் கோப்பில் எழுதிவைத்து, அந்தக் கோப்பின் பெயரை மட்டும் ஃபில்டருக்குக் கொடுப்பது.

வெட்டுவதைப் பற்றி எனக்கு உறுதியான கருத்து உண்டு: முழுப் பாடத்திற்கும் எண் பதித்த பிறகே வெட்டுங்கள். அப்போது எந்தத் துண்டை யார் திறந்தாலும் 7,200 என்பது இரண்டாம் நிமிடம் முடிந்த இடத்தையே குறிக்கும். முன்பே வெட்டிய துண்டுகளுக்கு, தொடக்க எண்ணைத் தனியாகக் கொடுக்கும் வசதி அதே ஃபில்டரில் உள்ளது.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன், ஏனெனில் உங்கள் வேலைக்கு அதுதான் உயிர். கைபேசி 60 என்று காட்டினாலும், வெளிச்சம் குறைந்தால் பல கருவிகள் ஃபிரேம்களுக்கு இடைப்பட்ட நேரத்தைக் கூட்டிக் குறைத்துக்கொண்டே பதிகின்றன. அத்தகைய பதிவில் எண்ணை 60ஆல் வகுத்து நேரத்தைக் கண்டறிய இயலாது. ஆகவே முதலில் ஃபிரேம் வேகத்தைச் சீராக்கும் ஃபில்டர், அதன் பிறகே எண் பதிக்கும் ஃபில்டர் என்ற வரிசையில் எழுதுங்கள். வரிசை மாறினால் ஒரே எண் இரண்டு ஃபிரேம்களில் வரலாம், அல்லது சில எண்கள் விட்டுப்போகலாம். ஒலியை மறுகுறியாக்கம் செய்யாமல் அப்படியே நகலெடுக்கச் சொல்லுங்கள். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சுவரின் மேல் வெள்ளை எண் மறைந்துவிடும். பின்னால் கறுப்புப் பெட்டி வையுங்கள்.

எழுத்துரு ஆர்வலர், மன்னார்குடி

கொம்பு இடம் மாறுவதற்கு எழுத்துருவின் மேல் குறை காண வேண்டாம். தமிழில் "தொ" என்பது தகரமும் ஒகரக் குறியுமாகச் சேமிக்கப்படுகிறது. அந்தக் குறியை இரண்டாகப் பிரித்து, கொம்பை முன்னாலும் காலைப் பின்னாலும் வைப்பது எழுத்துகளைக் கோக்கும் மென்பொருளின் வேலை. எஃப்எஃப்எம்பெக்கின் பழைய பதிப்புகளில் டிராடெக்ஸ்ட் அந்த வேலையைச் செய்யாமல், எழுத்துகளைச் சேமித்த வரிசையிலேயே வரைந்தது. 6.1 பதிப்பிலிருந்து அது எழுத்துகளைக் கோக்கும் ஹார்ஃப்பஸ் என்னும் நிரல் நூலகத்தைப் பயன்படுத்துவதால், உங்கள் பதிப்பைப் புதுப்பித்து, நோட்டோ சான்ஸ் தமிழ் போன்ற யூனிகோடு எழுத்துருவின் கோப்பைச் சுட்டினாலே "தொம்" சரியாக வரும்.

ஆனால் நூற்றுக்கணக்கான சொற்களை ஒரே ஃபில்டர் வரியில் அடுக்குவது பிழைக்கே வழிவகுக்கும். எண்ணுக்கு மட்டும் டிராடெக்ஸ்ட்டை வைத்துக்கொண்டு, சொற்களை ஏஎஸ்எஸ் வகை வசனக் கோப்பாக (எந்த நேரத்தில் எந்தச் சொல் திரையில் வர வேண்டும் என்று குறிக்கும் சப்டைட்டில் கோப்பு) எழுதுங்கள். விரிதாளில் தொடக்க ஃபிரேம், முடிவு ஃபிரேம், சொல் என மூன்று நெடுவரிசைகள் இருந்தால், சிறிய பைத்தான் ஸ்கிரிப்ட் அவற்றை 60ஆல் வகுத்து நேரமாக மாற்றிக் கோப்பை உருவாக்கிவிடும். ஏஎஸ்எஸ் நேரம் நொடியில் நூற்றில் ஒரு பங்கு வரை செல்லும். உங்கள் ஒரு ஃபிரேமோ ஏறத்தாழ 16.7 மில்லிநொடி. எனவே நுட்பம் போதுமானது. ஆசான் ஒரு சொல்லைத் திருத்தினால் விரிதாளில் ஒரு கட்டத்தை மாற்றினால் போதும்.

தவில் மாணவன், திருவிடைமருதூர்

இருவருக்கும் மனமார்ந்த நன்றி. பதிப்பைப் புதுப்பித்தவுடன் "தொம்" நேராக நின்றது. ஃபில்டர்களின் வரிசையை மாற்றிய பின் எண்களும் விடுபடாமல் ஓடுகின்றன. இன்னும் ஓர் ஐயம். கழி தோலைத் தொடும் ஃபிரேமுக்கு அடுத்த ஃபிரேமில்தான் ஒலி கேட்கிறது. இது ஸ்கிரிப்டின் பிழையா?

திருமண வீடியோ எடிட்டர், தஞ்சாவூர்

கைபேசியை எவ்வளவு தொலைவில் வைத்தீர்கள்? ஒலி நொடிக்குச் சுமார் 340 மீட்டர் செல்கிறது. ஆறு மீட்டர் தள்ளி வைத்தால் ஏறத்தாழ ஒரு ஃபிரேம் அளவு தாமதம் வரத்தான் செய்யும். ஒரு மீட்டருக்குள் வைத்து மீண்டும் பதிந்து பாருங்கள். அப்போதும் அதே தாமதம் இருந்தால் மூலக் கோப்பிலேயே சோதியுங்கள். அதிலும் இருந்தால் அது கைபேசியுடையது, ஸ்கிரிப்டுடையது அன்று.