கில்லிகிராங்கி குத்துக்கல்: நெஜமா, கப்ஸாவா?

நாடோடி:
போன மாசம் ஸ்காட்லாந்து டிரிப்ல பிட்லாக்ரி தாண்டி கில்லிகிராங்கி போனேன். ஏ9 ரோட்டோரமா ஒரு வயல்ல குத்துக்கல் ஒண்ணு நிக்குது, பேரு கிளேவர்ஹவுஸ் கல். 1689 ஜூலை 27 சண்டைல ஜேக்கபைட் (பதவி இழந்த ஜேம்ஸ் ராஜா கட்சி) தளபதி ஜான் கிரஹாம், அதான் கிளேவர்ஹவுஸ், டண்டீ பிரபுன்னும் சொல்வாங்க, குண்டடி பட்டு விழுந்தது இங்கதானாம். ஆடு ஒண்ணு அதுல முதுகைத் தேய்ச்சிட்டுப் போச்சு, கல்லு சொரசொரப்புல உரோமம் சிக்கிக் கிடக்குது, என்னமோ தெரியல எனக்குப் புல்லரிச்சிடுச்சு.

சந்தேகராஜா:
புல்லரிக்கட்டும் ப்ரோ, ஆனா கதை கப்ஸா. அது வரலாற்றுக்கு முந்தின காலத்துக் கல்லு. அந்தாளு பொறக்கறதுக்கு ஆயிரக்கணக்கான வருஷம் முன்னாடியே நட்டாச்சு. அவருக்காக யாரும் நடல, அதுல ஒரு எழுத்துகூட கிடையாது. பின்னாடி வந்தவங்க ஒட்டின பேரு அது.

நாடோடி:
அவருக்காக நட்டதுன்னு நான் எங்க சொன்னேன்? ஏற்கனவே நின்ன கல்லுகிட்ட விழுந்தாருன்னுதானே கதை. சண்டை முடிஞ்சு ஊர்க்காரங்க இடத்தைக் காட்டணும்னா அந்த வயல்ல அடையாளமா வேற என்ன இருக்கு?

சந்தேகராஜா:
அதேதான் என் சந்தேகமும்! அடையாளமா நிக்கிற ஒரே கல்லுன்னா எல்லாக் கதையும் அதுமேலதான் போய் ஒட்டும். அந்தாளு சாவுக்கே எத்தனை வெர்ஷன் பாருங்க. உரார்ட் மாளிகை ஜன்னல்ல இருந்து சுட்டாங்கன்னு ஒண்ணு, சாத்தான்கூட ஒப்பந்தம் போட்டவரு, ஈயக்குண்டு தொடாது, வெள்ளிக்குண்டு போட்டுத்தான் சாய்ச்சாங்கன்னு இன்னொண்ணு. ஆதரவாளருக்கு அழகு டண்டீ, எதிரிக்கு ரத்தக் கிளேவர்ஸ், ஆளாளுக்கு அவங்க கிளேவர்ஹவுஸை அவங்களே செஞ்சுக்கிட்டாங்க.

மழைச்சாரல்:
நடுவுல வரேன், சண்டையைப் பத்தி யாருமே பேசலையே 😅 ஜேம்ஸ் ராஜாவைத் துரத்திட்டு வில்லியம் வந்ததும் ஹைலேண்ட், அதான் ஸ்காட்லாந்து மலைநாட்டு, குலங்களை ஜேம்ஸுக்காகத் திரட்டினவர் டண்டீ. மேட்டுல இவங்க படை, கீழ மெக்கே தலைமையில வில்லியமோட அரசுப் படை, ஆளு எண்ணிக்கைல அவங்கதான் அதிகம். வெயில் கண்ணுல அடிக்குதேன்னு சாயங்காலம் வரைக்கும் பொறுத்திருந்துட்டு, பொழுது சாய்ஞ்சதும் கத்தியோட சரிவுல ஓடி வந்தாங்க. மெக்கே ஆளுங்க துப்பாக்கில பயனெட்டை, அதான் துப்பாக்கி முனைல மாட்டற கத்தியை, குழல் வாய்க்குள்ளயே சொருகணும், சொருகிட்டா சுட முடியாது, அதைச் சொருகி முடிக்கறதுக்குள்ள இவங்க மேல விழுந்துட்டாங்க. ஜெயிச்சாச்சு, ஆனா தலைவன் போயிட்டாரு. பழைய பிளேர் சர்ச்சுல புதைச்சாங்க.

சந்தேகராஜா:
சூப்பரா சொன்னீங்க அக்கா. இதுக்கெல்லாம் ஆதாரம் இருக்கு, மண்ணுக்குள்ள இருந்து துப்பாக்கிக் குண்டு, கையெறிகுண்டுத் துண்டெல்லாம் எடுத்திருக்காங்க. கல்லுக்கு என்ன இருக்கு? பக்கத்துல சோல்ஜர்ஸ் லீப்னு ஒரு இடம், அரசுப் படைச் சிப்பாய் டொனால்ட் மக்பேன் உயிருக்குப் பயந்து கேரி ஆத்தைத் தாண்டிக் குதிச்சானாம், 18 அடி. அதையாவது அவனே 1728ல எழுதி வெச்சான். அடி கணக்கு கூடுதலோ குறைச்சலோ, குதிச்சவன் வாய்ல இருந்து வந்த சாட்சி. கல்லுக்கு அப்படி ஒருத்தன் இல்லையே.

நாடோடி:
சரி, ஒத்துக்கறேன். ஆனா இந்தப் பேரு இல்லேன்னா அந்தக் கல்லை எவன் விட்டு வெச்சிருப்பான்? உழவுக்கு இடைஞ்சல்னு எப்பவோ பேர்த்திருப்பாங்க. உங்க வரலாற்றுக்கு முந்தின கல்லைக் காப்பாத்தினதே என் கப்ஸாதான்.

சந்தேகராஜா:
அதுக்கும் ஆதாரம் கேட்பேன் 😄 ஆனா யோசிக்க வெக்கிற பாயிண்ட்டுதான். என் கடுப்பு ஒண்ணே ஒண்ணு, நட்டவன் யாருன்னு ஒருத்தரும் கேக்கறதில்ல, வந்து பத்து நிமிஷத்துல செத்தவன் பேரு மட்டும் நிக்குது.

மழைச்சாரல்:
அப்போ போர்டு வெச்சா "இது பழைய கல், கதை அப்புறம் வந்தது"ன்னு ஒரு வரி போடச் சொல்லலாமா?

சந்தேகராஜா:
டீல்.

நாடோடி:
எனக்கும் டீல், ஆனா வெள்ளிக்குண்டைத் தூக்கிட்டா நான் சண்டைக்கு வருவேன்.