அழற்சிக் காரணியா, அழற்சிகாட்டியா?

ஐயா, வணக்கம்.

உடலில் அழற்சி இருப்பதைக் காட்டும் இரத்தப் பொருளுக்கு (inflammatory marker) நீங்கள் முன்வைத்த 'அழற்சிக் காரணி' என்ற சொல் எனக்குச் சரியாகப் படவில்லை. சி.ஆர்.பி. (சி-ரியாக்டிவ் புரோட்டீன்) என்ற புரதத்தையே எடுத்துக்கொள்வோம். உடலில் எங்கே அழற்சி வந்தாலும் கல்லீரல் அதை இரத்தத்தில் கூட்டிவிடுகிறது. காய்ச்சலுக்கும் ஏறும், ஈறு வீங்கினாலும் ஏறும். மரபணு அமைப்பினால் பிறவியிலேயே சி.ஆர்.பி. சற்று மிகுந்தவர்களுக்கு அதனால் மாரடைப்பு கூடுவதில்லை என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. மலையில் புகை கண்டு நெருப்பை உணர்வதாக அளவை (தருக்க) நூலார் சொல்வார்களே, சி.ஆர்.பி. அந்தப் புகை.

2017இல் வந்த காண்டோஸ் (CANTOS) என்ற மருந்து ஆய்வு இதை இன்னும் தெளிவாக்குகிறது. ஏற்கெனவே மாரடைப்பு வந்து, சி.ஆர்.பி. லிட்டருக்கு 2 மில்லிகிராமோ மேலோ இருந்த பத்தாயிரம் பேர் அதில் இருந்தார்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை 150 மி.கி. கானகினுமாப் ஊசி போட்டவர்களுக்கு மாரடைப்பு, பக்கவாதம், இதயநோய் மரணம் மூன்றும் சேர்ந்து 15% குறைந்தன. கொழுப்பின் அளவு இறங்கவில்லை. சி.ஆர்.பி. இறங்கியது, ஆனால் மருந்து தடுத்தது அதை அல்ல, அழற்சியைத் தூண்டும் இன்டர்லியூக்கின்-1 பீட்டா என்ற புரதத்தை. (உயிர்போக்கும் தொற்று சற்றுக் கூடியதையும் மறக்கக் கூடாது.) 'காரணி'யை சி.ஆர்.பி.க்குக் கொடுத்துவிட்டால் இன்டர்லியூக்கினை என்னவென்று சொல்வது?

என் பரிந்துரை: அழற்சிகாட்டி. திசைகாட்டி, நாள்காட்டி வரிசையில் இயல்பாக நிற்கிறது. 'காட்டி' என்றால் கருவி என்று தோன்றுமே என்பீர்கள். பள்ளி வேதியியலில் லிட்மஸை நிறங்காட்டி என்றுதானே படித்தோம்? அது பொருள்தான், கருவியல்ல. 'சுட்டி'யும் நல்ல சொல்தான், ஆனால் கணினிக்காரர்கள் எடுத்துக்கொண்டுவிட்டார்கள்.

அப்புறம், இதய நோய்க்கென்று எடுக்கும் சி.ஆர்.பி. சோதனையை 'மிகையுணர்திறன்' (high-sensitivity) என்று எழுதுவதை விட்டுவிடலாம். மிகையுணர்வு என்றதும் ஒவ்வாமைதான் நினைவுக்கு வரும். சிறு அளவையும் பிடிக்கும் சோதனை என்பதால் 'நுண்ணளவு சி.ஆர்.பி.' போதும். லிட்டருக்கு 1 மி.கி.க்குக் கீழே இடர் குறைவு, 3க்கு மேல் அதிகம், 10ஐத் தாண்டினால் முதலில் தொற்று ஏதும் இருக்கிறதா என்று பார்ப்பார்கள்.

இந்தப் பெயர்கள் சீக்கிரம் வேண்டியிருக்கின்றன. நம் செங்காந்தளில் உள்ள, அழற்சியைத் தணிக்கும் கோல்சிசினுக்கு, நாளுக்கு 0.5 மி.கி. அளவில், 2023இல் அமெரிக்கா இதய நோய்க்கு ஒப்புதல் தந்துவிட்டது. கிழங்கோ கொடிய நஞ்சு. திருப்பூர் மாவட்டத்து மூலனூர்ப் பக்கம் அதைப் பயிரிடுபவரிடம் மருந்தையும் கிழங்கையும் பிரித்துச் சொல்லத் தமிழ் வேண்டும்.

'அழற்சிகாட்டி'க்கு மறுப்பு இருந்தால் எழுதுங்கள், ஐயா.