மரைன் டிரைவில் குப்பை போடும் பெடியன்களிடம் வாய் திறக்கலாமா?

கடலோர நடையன்:
கொழும்பு வெள்ளவத்தை ஸ்டேஷனுக்குக் கொஞ்சம் தள்ளி, தண்டவாளத்துக்கும் கடலுக்கும் நடுவே உள்ள பாறைகளில் பின்னேரங்களில் பெடியன்கள் கூட்டமாக இருக்கிறார்கள். டியூஷன் முடிந்து வருகிறவர்கள், பெரும்பாலும் நம் தமிழ்ப் பிள்ளைகள். அங்கே இருப்பதில் எனக்கு ஒரு பிரச்சினையும் இல்லை. கொத்து ரொட்டிப் பெட்டி, யோகட் கப், சோடாப் போத்தல் எல்லாவற்றையும் பாறை இடுக்கில் செருகிவிட்டுப் போகிறார்கள், அதுதான் பிரச்சினை. போன கிழமை ஒருவன் கண்ணாடிப் போத்தலைத் தண்டவாளத்தில் அடித்து உடைத்தான். "தம்பி, இதில் ஆட்கள் நடக்கிறவர்கள், கால் கிழியும்" என்றேன். "அங்கிள், உங்கட வேலையைப் பாருங்கோ" என்றான். மற்றவர்கள் சிரித்தார்கள். பக்கத்தில் நடந்துகொண்டிருந்த என் வயதுக்காரர் இரண்டு பேர் காது கேட்காதவர்கள் மாதிரி நடையைக் கூட்டினார்கள்.

இப்படிச் சொல்வது நம் வேலையா, இல்லையா? அடுத்த முறை போனில் வீடியோ எடுத்து பேஸ்புக்கில் போட்டால் என்ன?

கொட்டாஞ்சேனைக்காரன்:
நம் வேலைதான். வீடியோவும் போடுங்கள். நான் சின்னவனாக இருந்தபோது ரோட்டில் கண்டதைப் போட்டால் கடைக்கார ஐயா காதைப் பிடித்துத் திருகுவார். அதை வீட்டில் போய்ச் சொன்னால் அப்பாவிடம் இன்னொன்று விழும். இப்போது யாரும் எதுவும் சொல்வதில்லை, அதனால்தான் இந்த வாய்.

கொழும்புக் குப்பையைக் கொட்டிய மீதொட்டமுல்லவை மறந்துவிட்டீர்களா? 2017 ஏப்ரல் 14, வருஷப் பிறப்பு அன்று குப்பை மலை சரிந்து வீடுகளை மூடியது. 30 பேருக்கு மேல் செத்தார்கள். அதற்குப் பிறகும் இந்த ஊருக்குப் புத்தி வரவில்லை.

ஏ.எல். இரண்டாம் தரம்:
மீதொட்டமுல்லவில் அந்த மலையைக் கட்டியது டியூஷன் பெடியன்களா அண்ணா? கொழும்பு முழுக்க உள்ள வீடு, கடை, ஹோட்டல் குப்பையைக் கொண்டுபோய் ஏழைகள் இருந்த இடத்தில் வருஷக்கணக்காகக் கொட்டினார்கள். அங்கே இருந்தவர்கள் எத்தனை தடவை ரோட்டுக்கு இறங்கிக் கத்தினார்கள். அது நடந்தபோது நான் சின்னப் பிள்ளை, அந்தப் பழியை என் தலையில் போடாதீர்கள்.

எங்கள் லேன் முனையில் தினமும் இரவு பத்து மணிக்குப் பிறகு சொப்பிங் பேக்கில் குப்பை வந்து விழுகிறது. கொண்டுவந்து வைப்பவர்கள் பிளட்ஸில் இருக்கும் பெரியவர்கள். உக்கும் குப்பை, உக்காத குப்பை என்று பிரித்து வைக்கச் சொன்னால் மாட்டார்கள், லொறி வரும் நேரத்துக்கு இறங்கியும் வரமாட்டார்கள். அவர்களிடம் யாராவது போய் "ஐயா, இது சரியில்லை" என்று சொல்லியிருக்கிறார்களா? போத்தல் உடைத்தது பிழை, அதில் பேச்சில்லை. ஆனால் பெரியவர்களுக்குக் கோபம் வருவது வயதில் குறைந்தவனைப் பார்த்தால் மட்டும்தான்.

கொட்டாஞ்சேனைக்காரன்:
அவன் போடுகிறான், அதனால் நானும் போடுகிறேன் என்பது ஒரு நியாயமா தம்பி?

ஏ.எல். இரண்டாம் தரம்:
நான் அப்படிச் சொல்லவில்லை. அவனிடமும் சொல்லுங்கள் என்கிறேன். 2022இல் ஜனாதிபதி கோட்டாபய பதவி விலக வேண்டும் என்று காலிமுகத்திடலில் போராட்டக்காரர் கூடாரமடித்த கோட்டா கோ கமவில் குப்பையைப் பிரித்து அள்ளியதும் எங்கள் வயதுப் பிள்ளைகள்தான். அப்போது எல்லாரும் போட்டோ எடுத்துப் புகழ்ந்தீர்கள். 2025 ஜனவரியில் அரசாங்கம் கிளீன் ஸ்ரீலங்கா திட்டத்தைத் தொடங்கிய கையோடு பொலிஸ் பாய்ந்தது எதன் மேல்? பஸ்ஸிலும் ஆட்டோவிலும் தொங்கிய அலங்காரங்கள் மேல். கைக்கு எட்டியவனைப் பிடிப்பதுதான் இங்கே சுத்தம்.

சுகாதாரப் பக்கம்:
நான் நுளம்பு ஒழிப்பு வேலையோடு சம்பந்தப்பட்டவன். சண்டைக்கு வரவில்லை, ஒரு விஷயம் மட்டும். எல்லாரும் போத்தலைப் பற்றிப் பேசுகிறீர்கள். எனக்குப் பயம் அந்த யோகட் கப்தான். மழைத் தண்ணீர் கொஞ்சம் தேங்கினால் போதும், டெங்கு நுளம்பு முட்டையிட்டுவிடும். ஒரு கிழமை, பத்து நாளில் பறக்கிற நுளம்பாகிவிடும். தண்ணீர் வற்றினாலும் முட்டை மாதக்கணக்கில் ஒட்டிக்கொண்டே இருக்கும், அடுத்த மழைக்குப் பொரிக்கும். 2017இல் நாட்டில் 186,000 பேருக்கு மேல் டெங்கு என்று பதிவானது. வார்ட்டில் கட்டிலுக்குக் கீழேயும் நோயாளர்கள் படுத்திருந்த வருஷம் அது.

2007ஆம் ஆண்டின் நுளம்புச் சட்டத்தில் வீட்டுக்காரரையும் கடைக்காரரையும் கோர்ட்டுக்குக் கொண்டுபோகலாம். பாறை இடுக்கில் கிடக்கும் கப்புக்கு யாரைப் பிடிப்பது? அதனால் போடும்போதே ஒருவர் சொல்வதுதான் வழி. "அசிங்கம் செய்யாதே" என்று சொல்லாதீர்கள். "டெங்கு வரும் தம்பி, அதைக் கவிழ்த்தாவது வை" என்று சொல்லிப் பாருங்கள். இந்த ஊரில் டெங்கு வராத வீடு குறைவு. அந்தப் பேச்சுக்கு யாரும் சிரிப்பதில்லை.

ராமகிருஷ்ணா ரோட் அக்கா:
வீடியோ விஷயத்துக்கு வருகிறேன். தயவுசெய்து வேண்டாம்.

அந்தப் பாறைகளில் பெடியன்கள் மட்டும் இருப்பதில்லை. குடை பிடித்துக்கொண்டு ஜோடிகளும் இருக்கிறார்கள். நீங்கள் குப்பைக்கு எடுக்கும் வீடியோவில் பின்னால் ஒரு பிள்ளையின் முகம் விழும். வெள்ளவத்தையில் ஒருவரை ஒருவர் தெரியாத தமிழர் யார்? அன்றிரவே அவள் அம்மாவின் வாட்ஸ்அப்பில் வந்து நிற்கும். போத்தல் உடைத்தவன் அடுத்த நாளும் வந்து பாறையில் இருப்பான். அவளுக்கு டியூஷனே நின்றுவிடும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். குப்பைக்காக வாய் திறக்கும் பெரியவர்களில் முக்கால்வாசிப் பேர் குப்பையோடு நிறுத்துவதில்லை. "ஏன் தலைமயிரை இப்படி வெட்டியிருக்கிறாய், இது யார் பிள்ளை, அப்பா என்ன வேலை, இந்த நேரத்தில் இங்கே என்ன" என்று போய்க்கொண்டே இருக்கும். நான் பள்ளிக்கூடம் போன காலத்தில் எனக்கே நடந்தது. வடைக் கடதாசியைக் கீழே போட்டது நான் இல்லை. ஆனால் பேச்சு கடதாசியில் தொடங்கி என் கவுனின் நீளத்தில் முடிந்தது. சத்தமாகச் சிரிப்பது, பாட்டுப் போடுவது, ஜோடியாக இருப்பது இவையெல்லாம் உங்களுக்குப் பிடிக்காமல் இருக்கலாம். அதனால் யாருக்கும் கால் வெட்டாது, காய்ச்சலும் வராது. இரண்டையும் ஒரே குரலில் திட்டினால் பிள்ளைகள் இரண்டையும் ஒரே மாதிரித்தான் எடுப்பார்கள்.

கொட்டாஞ்சேனைக்காரன்:
அப்போ முகத்தை மறைத்துப் போடலாம். வெட்கம் இல்லாமல் யாரும் திருந்துவதில்லை அக்கா.

ராமகிருஷ்ணா ரோட் அக்கா:
முகத்தை மறைத்தால் யாருக்கு வெட்கம் வரும்? அப்புறம் எதற்கு வீடியோ? லைக்குக்கா?

பழைய லொட்ஜ்வாசி:
நடையன், நடையைக் கூட்டிய அந்த இரண்டு பேரைப் பற்றிக் கொஞ்சம் குறைவாக நினைக்கிறீர்கள் போலிருக்கிறது. அவர்களில் ஒருவனாக நான் இருந்திருக்கலாம்.

2007 ஜூனில், யுத்த காலத்தில், கொழும்பு லொட்ஜ்களில் இருந்த தமிழரை விடியப்புறம் எழுப்பி பஸ்ஸில் ஏற்றி வடக்குக்கும் கிழக்குக்கும் அனுப்பினார்களே, நினைவிருக்கிறதா? நூற்றுக்கணக்கான பேர். உச்ச நீதிமன்றம் தலையிட்டுத்தான் அது நின்றது. அந்தக் காலத்தில் கொழும்பில் இருந்தவன் படித்த பாடம் ஒன்று: ரோட்டில் எதிலும் தலை போடாதே. சத்தம் வந்தால் பொலிஸ் வரும், பொலிஸ் வந்தால் முதலில் கேட்பது உன் அடையாள அட்டையை. பெடியன் சிங்களப் பிள்ளையாக இருந்து நான் உடைந்த சிங்களத்தில் "மல்லி, எப்பா" (தம்பி, வேண்டாம்) என்றால் அது குப்பைச் சண்டையாக நிற்குமா, வேறு சண்டையாக மாறுமா என்று இன்றைக்கும் மனம் கணக்குப் பார்க்கிறது. காலம் மாறிவிட்டது என்று எனக்கும் தெரியும். ஆனாலும் வாய் திறப்பதில்லை. பொலிஸின் 119க்கு அடிக்கச் சொல்கிறவர்கள் இதையும் யோசிக்க வேண்டும்.

ஏ.எல். இரண்டாம் தரம்:
இதை ஏற்கிறேன் ஐயா. ஆனால் பாருங்கள், சிங்களப் பெடியனிடம் பயம், எங்களிடம் மட்டும் உரிமை. எங்களுக்கு வரும் எரிச்சலும் அதுதான். "நம் பிள்ளைகள்" என்பது திட்டுவதற்கு மட்டும் வருகிறது.

பழைய லொட்ஜ்வாசி:
நான் உங்களிடமும் சொல்வதில்லை தம்பி. அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

கொத்துக் கடை:
அந்தப் பெட்டிகளில் பாதி என் கடையுடையதாக இருக்கும், அதனால் நானும் பேச வேண்டும். கடை வாசலில் பெரிய வாளி ஒன்று வைத்தேன். முதல் நாளே இரவில் யாரோ வீட்டுக் குப்பையை மூட்டையாகக் கொண்டுவந்து அதற்குள் திணித்துவிட்டார்கள். மீன் செதில், பிள்ளையின் பம்பர்ஸ், எல்லாம். அடுத்த நாள் நாய் இழுத்து ரோட்டெல்லாம் பரப்பியது. வந்த அதிகாரி என்னைத்தான் பிடித்தார். வாளியை எடுத்துவிட்டேன். ரோட்டோரம் எங்கேயும் வாளி நிற்காததற்குக் காரணம் தேடிப் பெரிய ஆராய்ச்சி தேவையில்லை.

2023 அக்டோபரிலிருந்து பிளாஸ்டிக் ஸ்ட்ரோ, கரண்டி, பிளேட் தடை. 2025 நவம்பரிலிருந்து சொப்பிங் பேக்குக்கும் காசு வாங்க வேண்டும். அதனால் பெடியன்கள் பேக் வேண்டாம் என்று பெட்டியைக் கையிலேயே கொண்டுபோகிறார்கள். சாப்பிட்ட பிறகு எண்ணெய் வடியும் பெட்டியைப் புத்தகப் பைக்குள் வைக்கவா முடியும்? தேவையென்றால் திரும்பக் கொண்டுவந்து கடைக்குள்ளே தாருங்கள், நான் எடுக்கிறேன். உள்ளே என்றால் வீட்டுக் குப்பை வராது.

சுகாதாரப் பக்கம்:
அதைக் கடை வாசலிலே எழுதி ஒட்டுங்கள் அண்ணா, மூன்று மொழியிலும். வாயால் சொன்னால் யாருக்கும் தெரியாது.

கடலோர நடையன்:
எல்லாருக்கும் நன்றி. அக்கா சொன்னது சரி, வீடியோ எடுக்கப்போவதில்லை. பின்னால் யார் விழுவார்கள் என்று நான் யோசிக்கவே இல்லை. ஆனால் சொல்வதை நிறுத்தமாட்டேன். கூட்டமாக இருக்கும்போது சொல்லாமல், அவர்கள் எழும்பிப் போகும் நேரத்தில் ஒருவனிடம் தனியாகச் சொல்லிப் பார்க்கலாம் என்றிருக்கிறேன். கூட்டாளிகள் முன்னால் யாருக்குத்தான் "சரி அங்கிள்" என்று வரும்? கண்ணாடிப் போத்தல் மட்டும் வேறு. அதற்கு அந்த இடத்திலேயே சத்தம் போடுவேன், சிரித்தாலும் பரவாயில்லை.

கொட்டாஞ்சேனைக்காரன்:
மென்மையாகப் போய் மென்மையாக வாருங்கள். அவன் அடுத்த போத்தலை உடைப்பான்.

ஏ.எல். இரண்டாம் தரம்:
அண்ணா, ஒரு கேள்வி. காலி வீதியில் பெரிய ஜீப்பில் போகிறவர் கண்ணாடியை இறக்கி வெற்றிலையைத் துப்புகிறார், டிஷ்யூவை வீசுகிறார். அவருடைய ஜன்னலில் தட்டுவீர்களா?

கொட்டாஞ்சேனைக்காரன்:
ஓடுகிற வாகனத்தில் எப்படித் தட்டுவது? இலக்கத்தைப் படம் எடுத்துப் போடுவேன்.

ஏ.எல். இரண்டாம் தரம்:
பெடியன் என்றால் முகம், ஜீப் என்றால் இலக்கம். அப்படியா?

கொட்டாஞ்சேனைக்காரன்:
சிக்னலில் நின்றால் முகத்தையும் எடுக்கிறேன். இப்போது திருப்தியா?

ராமகிருஷ்ணா ரோட் அக்கா:
எடுத்துப் போடுங்கள், முதல் லைக் என்னுடையது. பாறைப் பக்கம் மட்டும் கமராவோடு வராதீர்கள்.