புதுப்பிப்பு: அப்பாவின் கிளாக்கோமா சொட்டு மருந்தும் இளைப்பும்

கிளாக்கோமாவுக்கு (கண்ணுக்குள் அழுத்தம் கூடிப் பார்வை நரம்பைக் கெடுக்கும் நோய்) டிமோலால் சொட்டு ஆரம்பித்த பிறகு அப்பாவுக்கு மாடிப்படி ஏறினாலே இளைப்பு, நாடியும் மெதுவாகிறது என்று இங்கே கேட்டிருந்தேன். பதில் எழுதிய எல்லோருக்கும் நன்றி.

"அது பீட்டா தடுப்பான், அவருக்கு ஆஸ்துமா இருந்ததைக் கண் மருத்துவரிடம் சொல்லுங்கள்" என்ற பதில்தான் கைகொடுத்தது. கேட்டதுமே மருத்துவர் டிமோலாலை நிறுத்தி, இரவில் ஒரு சொட்டு லாட்டனோபிராஸ்ட் எழுதினார்.

காரணம் இதுதான். சொட்டு கண்ணீர்க் குழாய் வழியாக மூக்குக்குள் இறங்கி நேரே ரத்தத்தில் கலக்கிறது. விழுங்கும் மாத்திரை போல முதலில் கல்லீரலுக்குப் போய்ச் சிதைவதில்லை. இதயத்தில் பீட்டா 1 ஏற்பிகளை (உடலின் ஹார்மோன்கள் வந்து ஒட்டி வேலை செய்யும் இடங்கள்) அடைத்தால் துடிப்பு குறையும். மூச்சுக்குழாயில் பீட்டா 2 அடைபட்டால் குழாய் சுருங்கும். பீட்டா தடுப்பானான டிமோலால் இரண்டையும் அடைக்கும். ஒரு சொட்டுதானே என்று யாரும் நினைக்க வேண்டாம். அதே சமயம் மருத்துவரைக் கேட்காமல் நிறுத்தவும் வேண்டாம், பார்வை போய்விடும் நோய் கிளாக்கோமா.

இப்போது இளைப்பு இல்லை, நாடி 70-ஐ ஒட்டி இருக்கிறது, கண் அழுத்தமும் கட்டுக்குள். சொட்டு விட்டதும் கண்ணை மூடி, மூக்கோர முனையை இரண்டு நிமிடம் அழுத்தச் சொன்னவருக்குத் தனி நன்றி. அதைத் தொடரச் சொன்னார் மருத்துவர்.

எதிர்பாராதது ஒன்று: அப்பாவின் இமை முடி நீண்டு கறுத்து வருகிறது. லாட்டனோபிராஸ்டில் இது வழக்கமாம்.